கயிற்றின் மறுமுனை: படகுக் கண்ணாடி ஒன்றை மாற்றியது பற்றி

1

பழைய படகு ஒன்றுக்குப் பின்பார்க்கும் கண்ணாடி மாற்றுவதெல்லாம் வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருளாகுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாற்காலிக்கும் தொப்பிக்கும் வரலாறு எழுதியாகிவிட்ட காலத்தில் கண்ணாடிக்கு எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. தவிர, இந்தக் கண்ணாடி விவகாரத்தில் ஒரு மனிதனின் கூலி அடங்கியிருந்தது. அது எனக்கு முதலில் புரியவில்லை.

நடந்தது இதுதான். தரமணியில் ஒரு லேத்துப் பட்டறையில் முன்பு வேலை பார்த்து, பிறகு கோவளம் பக்கம் படகு எஞ்சின் மெக்கானிக்காகப் போய்விட்ட நண்பர் ஒருவர், ஒரு மாலை செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கிய லாரிக் கண்ணாடி. குவிந்த கண்ணாடி, நீளம் ஓர் அடிக்கு மேலேயே இருக்கும். 'இது லாரிக்கு இல்ல சார், போட்டுக்கு' என்றார்.

அந்தப் படகு நீர்ச்சறுக்குக்கென்றே வெளிநாட்டில் கட்டப்பட்டது. முப்பது வருஷப் பழசு. கை மாறிக் கை மாறி, கோவளத்துக்குத் தெற்கே ஒரு கழிமுகத்தில் சுற்றுலாப் பயணிகளை ரப்பர் டியூபில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டிருக்கிறது. நட்டநடுவில் ஒரு இரும்புத் தூண், அதில் கயிறு. ஓட்டுபவரின் முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைக் கண்ணாடி, குரோமியம் பூசிய விளிம்போடு, படகோடு வந்தது. உப்புக்காற்றில் ரசம் போய், ஓரத்தில் கறுத்து, நடுவில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு வானம் தெரியும். ஆகவே ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரு பையன். பையன் என்கிறேனே தவிர வயது இருபதுக்கு மேல். அவன் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பான். கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் விழுந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை.

'மிர்ரர் போட்டுட்டா அந்தப் பையன் எதுக்குன்னு ஓனர் கேக்குறாரு' என்று நண்பர் சொன்னது காபி குடித்து முடித்த பிறகுதான்.

2

பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி எப்படிப் பிறந்தது என்று தேடினால், அதன் பிறப்பிலேயே ஓர் ஆள் நீக்கம் இருப்பது தெரிகிறது.

1909இல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் கார் ஓட்டுநர், பெண்களுக்காக எழுதிய மோட்டார் கையேட்டில், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாலை பார்க்கும் கண்ணாடியாகத் திருப்பிய கை ஒரு பெண்ணின் கை. இதைப் பெரும்பாலான மோட்டார் வரலாறுகள் ஒரு துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

அவர்கள் விரிவாகச் சொல்வது 1911 மே 30ஆம் தேதியை. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த முதல் 500 மைல் பந்தயம். அக்காலப் பந்தயக் கார்களில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் அழுத்தம் பார்ப்பது, டயரைக் கவனிப்பது, முக்கியமாகத் தலையைத் திருப்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வது அவர் வேலை. ரே ஹாரூன் தன் மார்மன் வாஸ்ப் வண்டியை ஒற்றை ஆள் வண்டியாகக் கட்டிக்கொண்டு வந்தார். பாரம் குறையும், வேகம் கூடும். மற்ற ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள்: பின்னால் பார்க்க ஆள் இல்லாதவன் எங்களுக்கெல்லாம் ஆபத்து என்றார்கள். ஹாரூன் எட்டங்குலத்துக்கு மூன்றங்குலம் கண்ணாடி ஒன்றை நாலு கம்பிகளில் தூக்கி நிறுத்தினார். எதிர்ப்பு அடங்கியது. மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில், அதாவது சுமார் 120 கிலோமீட்டரில், அவர்தான் ஜெயித்தார்.

ஆனால் செங்கல் பதித்த அந்தத் தடத்தில் வண்டி குலுங்கிய குலுக்கலில் கண்ணாடி முழுதும் ஆடிக்கொண்டே இருந்தது, அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் இதுதான். கண்ணாடி பார்ப்பதற்காக வைக்கப்படவில்லை. பார்க்கும் ஆள் ஒருவன் இருந்த இடத்தில் ஆள் இல்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக வைக்கப்பட்டது. ஒரு சட்டபூர்வமான பிம்பம். உள்ளே எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

1921இல் எல்மர் பெர்கர் இதையே கடைச்சரக்காக்கினார். அவர் விற்ற கண்ணாடியின் பெயர் போலீஸ்காரனைக் கண்டுபிடிப்பான் என்ற பொருள்படும் கொச்சைப் பெயர். வேகமாக ஓட்டுபவன், தன்னைத் துரத்தும் அதிகாரத்தைத் தான் முதலில் பார்த்துவிடும் வழி. கண்காணிப்பு பற்றி எழுதும் நம்மவர்கள், பெந்தாம் வரைந்த சிறைக் கோபுரத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். கோபுரத்தில் இருப்பவன் எல்லோரையும் பார்க்கிறான், அவனை யாரும் பார்ப்பதில்லை என்பது அதன் கட்டமைப்பு. பெர்கரின் கண்ணாடியில் அது அப்படியே திரும்பிக்கொள்கிறது. ஆகவே கருவியை வைத்து அதிகாரத்தின் திசையைத் தீர்மானித்துவிட முடியாது; யார் கையில், யார் முன்னால், யார் பின்னால் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

3

இனித் தண்ணீருக்கு வருவோம்.

1922 ஜூலை 2ஆம் தேதி, மின்னசோட்டாவின் லேக் சிட்டி என்ற சிற்றூரில், மிஸிஸிப்பி ஆறு அகன்று ஏரியாகும் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞன் இரண்டு பலகைகளில் நின்றபடி படகின் பின்னால் வழுக்கிச் சென்றான். பலகை எட்டடி நீளம். முனையை வெந்நீரில் வேகவைத்து வளைத்திருந்தான். படகை ஓட்டியவர் அவன் சகோதரர் பென். பீப்பாய்ப் பலகையிலும் பனிச்சறுக்குக் கட்டையிலும் முயன்று தோற்ற பிறகு, முனையை மேலே தூக்கிப் பின்னால் சாய வேண்டும் என்ற சூட்சுமம் பிடிபட்டதாம். நீர்ச்சறுக்கு அங்கே தொடங்குகிறது.

1961இல் ஃப்ளாரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் ஸ்கீ நாட்டிக் என்ற படகைக் கொண்டுவந்தது. 1968இல் மாஸ்டர்கிராஃப்ட் வந்தது. எஞ்சினை நடுவில் வைத்து, இழுகயிற்றுத் தூணையும் நடுவில் நட்டு, பின்னலையைத் தாழ்வாக்கும் அடிவடிவம் கொடுத்து, இழுப்பதற்கென்றே கட்டிய படகுகள். இவற்றில் கவனிக்க வேண்டியது இருக்கை அமைப்பு. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை பின்னோக்கியே பொருத்தப்பட்டது. பார்வையாளர் இருக்கை என்று அதற்குப் பெயர். அவர் பார்க்க, கயிற்றில் தொங்குபவர் கையால் பேசுவார். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு. கீழே என்றால் குறை. கழுத்தில் கையை அறுப்பதுபோல் காட்டினால் நிறுத்து. தலையில் தட்டினால் கரைக்குத் திரும்பு. விழுந்தவர் இரு கைகளையும் தலைக்குமேல் கோத்துக் காட்டினால் நான் நன்றாக இருக்கிறேன். எஞ்சின் சத்தத்தில் குரல் எட்டாததால் பிறந்த மொழி இது. விழுந்தவன் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் 'நான் இருக்கிறேன்' என்பதாக இருப்பது யோசிக்க வைக்கிறது.

சட்டம் இங்கேதான் நுழைகிறது. ஃப்ளாரிடா மாநிலச் சட்டம், இழுக்கும் படகில் ஓட்டுபவரைத் தவிர ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும், அல்லது அகன்ற கோணக் கண்ணாடி இருக்க வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா ஆள்தான் வேண்டும் என்கிறது. அந்த ஆளுக்குக் குறைந்தது பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். ஒரே விளையாட்டு, ஒரே கயிறு. ஓரிடத்தில் மனிதனும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று மாற்று, இன்னோரிடத்தில் இல்லை. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஹாரூனின் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார்.

4

கண்ணாடியை மாற்றினால் உண்மையில் என்ன மாறும் என்று நண்பரும் நானும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு இவ்வளவு சின்னக் கணக்குக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

போட்டிச் சறுக்கில் மிதவைகள் ஆறு. படகு செல்லும் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு மிதவையும் 11.5 மீட்டர் விலகியிருக்கும், மாறி மாறி இடமும் வலமும். அதாவது கயிற்றில் இருப்பவர் 23 மீட்டர் அகலத்துக்கு ஊஞ்சல்போல் அலைகிறார். முழுக்கயிறு 23 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவர் மிதவையைச் சுற்றும்போது கண்ணாடிக்கும் அவருக்கும் பின்னோக்கிய தூரம் சுமார் 22 மீட்டர். ஓட்டுபவர் கண்ணிலிருந்து கண்ணாடி 60 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கண்ணாடியில் அந்தத் தூரத்தில் தெரியும் அகலம் ஆறு மீட்டரைக்கூடத் தொடாது. இருபத்து மூன்றில் ஆறு. நேர்பின்னால் வரும்வரை ஆள் தெரிவார். அவர் வித்தை காட்டப் பக்கவாட்டில் போகிற கணத்தில், அதாவது விழக்கூடிய கணத்தில், மறைந்துவிடுவார். பழைய படகில் இருந்த உள்ளங்கைக் கண்ணாடி புதிதாக இருந்தபோதும் இவ்வளவுதான் காட்டியிருக்கும்.

இப்போது குவிந்த கண்ணாடி. வளைவின் ஆரம் ஒரு மீட்டர், அகலம் 35 சென்டிமீட்டர் என்று வைத்தால், 65 பாகைக்குப் பக்கமாகக் காட்சி விரிகிறது. தேவைப்படுவது ஏறத்தாழ 54. ஆகவே இரு பக்க மிதவைகளும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆனால் ஆள் தெரியும் அளவு தட்டைக் கண்ணாடியில் தெரிந்ததில் பாதிக்கும் குறைவு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒளியியல் இப்படித்தான்: எவ்வளவு பேரை உள்ளே சேர்க்கிறாயோ அவ்வளவுக்கு ஒவ்வொருவரும் சிறுத்துப்போவார்கள். அமெரிக்கக் கார்களில் பக்கத்துக் குவிந்த கண்ணாடியில், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன என்று எச்சரிக்கை பொறித்திருப்பார்கள். அங்கே ஆபத்து நெருங்குவதைக் குறைத்துக் காட்டுவதே சிக்கல். படகில் சிக்கல் வேறு. அங்கே பின்னால் இருப்பவர் ஆபத்து அல்லர், ஆபத்தில் இருப்பவர். அவர் சிறுத்துப்போனால் கைஜாடை சிறுத்துப்போகிறது. கட்டைவிரல் மேலேயா கீழேயா என்று தெரியாது.

மாட்டிய பிறகு நண்பர் சொன்னது: 'எல்லாம் தெரியுது சார். ஆளு தெரியுறான், மூஞ்சி தெரியல.'

மாட்டியதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழைய கண்ணாடியின் பந்து மூட்டு தேய்ந்து, வேகம் எடுத்தால் தலையாட்டும், ஹாரூன் நோய். லாரிக் கண்ணாடி கனம் என்பதால் முன்கண்ணாடிச் சட்டத்தின் அலுமினியம் வளைந்துவிடுமோ என்று பயந்து, சட்டத்தின் இரு பக்கமும் பட்டைத் தகடு கொடுத்து, நடுவில் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பர் வைத்து, துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்கினார். எஞ்சின் அதிர்வு ரப்பரோடு நின்றது. வெளிநாட்டில் இதற்கென்றே தனிப் பிடிகளும் வளைந்த அகலக் கண்ணாடிகளும் விற்கின்றன. விலை அவருக்குச் சரிப்படாது. நம்மூரில் மேம்பாடு என்பது பெரும்பாலும் இன்னொரு வண்டியின் உறுப்பு. லாரி இழந்தது படகுக்குக் கண்.

பின்பக்கத்து ரசம் பற்றியும் சொல்ல வேண்டும். தகரமும் பாதரசமும் கலந்து பூசிய காலத்தில் வந்த சொல் அது. 1835இல் ஜெர்மன் வேதியியலர் லீபிக் கண்ணாடியில் வெள்ளிப் படலம் படியவைக்கும் முறையைக் கண்டபின் பாதரசம் மெல்ல மெல்ல விலகிவிட்டது. இப்போது பெரும்பாலும் அலுமினியம். நாம் இன்னும் 'ரசம் போச்சு' என்கிறோம். மொழியும் ஒரு பின்பார்க்கும் கண்ணாடிதான் என்று இந்த இடத்தில் எழுதத் தோன்றுகிறது. எழுதவில்லை, அது மலினமான உவமை.

5

தரமணிக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பறக்கும் ரயிலின் தூண்கள் பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே கால் ஊன்றி நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்ரேன் என்ற வணிகர் பெயரில் வடக்கே எண்ணூர் நோக்கித் தொடங்கி, துண்டு துண்டாக நீண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய வாய்க்காலுக்குப் பிரபுவின் பெயர். விறகும் உப்பும் நெல்லும் இதில் வந்தன. 1965, 66 புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படுத்தது.

இந்தக் கால்வாயில் படகுகள் இழுக்கப்பட்டன. காற்று இருந்தால் பாய்; இல்லாவிட்டால் கரையில் ஒருவன் கயிற்றைத் தோளில் போட்டு நடப்பான். பாரதிதாசன் 1930களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்த வழியாகப் படகில் போனதைப் பாடியிருக்கிறார். 'மாவலிபுரச் செலவு' என்ற அந்தப் பாட்டில், கரையில் கயிற்றைத் தோள்கொண்டு இழுப்பவனும் பின்னால் முதுகு வளையக் கோல் ஊன்றித் தள்ளுபவனும் வருகிறார்கள். உல்லாசப் பயணத்தின் நடுவே கவிஞருக்குக் காட்சி கசக்கிறது. தமிழில் பயணப் பாட்டுக்குக் குறைவில்லை. தன்னை இழுத்துச் செல்பவனைப் பயணி பார்த்துவிட்ட பாட்டு எத்தனை?

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவளத்துப் படகில் எஞ்சின் முன்னே, மனிதன் கயிற்றின் பின்முனையில், காசு கொடுத்து இழுபடுகிறான். கால்வாயில் மனிதன் முன்னே, படகு பின்முனையில். அவன் காசுக்காக இழுக்கிறான். முன்னவனை ஒருவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று சட்டம் எழுதுகிறார்கள். பின்னவன் முதுகைப் படகில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். அவன் கால் சேற்றில் வழுக்கினால் என்ன ஜாடை காட்டுவது என்று யாரும் வகுக்கவில்லை. அவனுக்குப் பின்னால் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கயிறு தோளில் அழுந்துவதே அவனுக்குப் பின்பார்வை.

அடையாற்றின் கரையில் 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பில் துடுப்புப் போடும் கனவான்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். துடுப்புப் படகின் இலக்கணம் அது: கடந்து வந்த கரை மட்டும் கண்ணில், போகும் இடம் சுக்கான்காரன் சொல்லித்தான் தெரியும். வால்ட்டர் பெஞ்சமின் 1940இல் எழுதிய வரலாற்றுத் தேவதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அடையாற்றுப் படகோட்டிகள் நினைவுக்கு வருவார்கள். தேவதையாவது இடிபாடுகளைப் பார்க்கிறது. கட்டுமரக்காரர்கள் வேறு ரகம். நடுக்கடலில் தன் இடத்தை அறிய அவர்கள் கரையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கோயில் கோபுரமும் பனையும் மலையும் ஒரு கோட்டில் வந்தால் இன்ன இடம். ஏக்கத்துக்காகத் திரும்பிப் பார்ப்பதில்லை, வலை போடுவதற்காக.

நன்னூலில் சூத்திர நிலைகள் நான்கு. அவற்றில் ஒன்று அரிமா நோக்கு. சிங்கம் நடக்கும்போது முன்னும் பார்த்துப் பின்னும் திரும்பிப் பார்ப்பதுபோல், ஒரு சூத்திரம் தனக்கு முன்னதையும் பின்னதையும் தழுவிச் செல்வது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்திக்குத் திரும்பிப் பார்த்தல் என்பது பிரதியின் ஒழுங்கு. அங்கே கழுத்து திரும்ப வேண்டும். திரும்பும் கணத்தில் சிங்கத்துக்கு முன்பக்கம் தெரியாது. அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டுதான் திரும்புகிறது. கண்ணாடி கொடுத்த வாக்குறுதி, கழுத்தைத் திருப்பாமலே திரும்பிப் பார்க்கலாம் என்பது. 1967இல் மக்லுஹன், நவீன மனிதன் நிகழ்காலத்தையே பின்பார்க்கும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறான் என்று கேலி செய்தபோது அவர் மனதில் இருந்தது நெடுஞ்சாலையும் காரும். காரின் பின்னால் கயிறு இல்லை. பின்னால் தெரிவது அவருக்கு வெறும் கடந்த காலம், நிலக்காட்சி. கயிறு கட்டியிருந்தால் பின்னால் வருவது கடந்த காலம் அல்ல. நம் வேகத்துக்குத் தானும் வந்துகொண்டிருக்கும், நாம் திரும்பும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நம்மைவிட அதிகமாக வீசப்படும் இன்னொரு உடம்பு. மக்லுஹனின் உவமையில் இந்த உடம்பு காணோம்.

6

எங்கள் சாலைக்கு வருகிறேன். பழைய மாமல்லபுரம் சாலை, பிறகு ராஜீவ் காந்தி சாலை ஆனது. 2000இல் டைடல் பார்க் திறந்தபின் அதன் முகமே மாறியது. அதற்கு முன் இந்தச் சாலையில் மணல் லாரிகள். லாரியில் டிரைவர் வலப்பக்கம்; இடப்பக்கம் கிளீனர். இடது கண்ணாடி உடைந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. கிளீனர்தான் இடது கண்ணாடி. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டுவான், வண்டியின் உடம்பில் தட்டுவான். பின்னால் எடுக்கும்போது இறங்கிப் போய் 'வரலாம், வரலாம்... வரலாம்... ஹோல்ட்டேன்!' அந்த வரலாம்களின் நீளம் குறைவதிலிருந்து தூரம் தெரிந்துவிடும். நான் சின்ன வயசில் பார்த்த அம்பாசிடர்கள் பலவற்றில் வெளிக்கண்ணாடியே கிடையாது. வேண்டும் என்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். லாரியில் கண்ணாடி சரியாக வந்தது, பின்னெடுக்கும்போது கத்தும் பஸ்ஸர் வந்தது, பல வண்டிகளில் கிளீனர் இல்லாமல் போனான்.

பேருந்தில் கண்டக்டரின் விசில். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. படகின் கைஜாடைக்கு நம்மூர்ச் சமம் இதுதான். கண்டக்டர் கூட்டத்துக்கு நடுவே சிக்கி, பின்படிக்கட்டைப் பார்க்காமலே ஊதிவிடும் விசிலை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். 2012 டிசம்பர் 10ஆம் தேதி இதே சாலையில் பெருங்குடிப் பக்கம் பேருந்துப் படிக்கட்டில் தொங்கிய மாணவர்கள் நான்கு பேர் லாரி உரசி இறந்தார்கள். அதன்பின் கதவு பற்றிய பேச்சு எழுந்தது, படியில் தொங்குவோரின் ஒழுக்கம் பற்றிய பேச்சு அதைவிட அதிகமாக எழுந்தது. பேருந்தின் இடது கண்ணாடியில் படிக்கட்டு தெரியும். தொங்குபவனும் தெரிவான். தெரிவது என்பதும் பார்ப்பது என்பதும் இரண்டு வினைச்சொற்கள். முன்னதுக்குக் கண்ணாடி போதும்.

ஆட்டோவில் மட்டும் கண்ணாடி உள்ளே இருக்கும். வெளியே வைத்தால் இடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள், நியாயம்தான். உள்ளே வைத்ததால் அதில் சாலையை விடப் பயணி அதிகமாகத் தெரிகிறார். பெண் தோழிகள் சிலர் ஏறியவுடன் இருக்கையின் எந்த ஓரத்துக்கு நகர வேண்டும் என்பதைக் கண்ணாடியின் சாய்வைப் பார்த்தே முடிவு செய்வதாகச் சொன்னார்கள். டாரதி லெவிட் கையில் எடுத்த கண்ணாடி இத்தனை தூரம் வந்திருக்கிறது. இதைத் தனியாக எழுத வேண்டும், நான் அல்ல, அவர்களில் யாராவது.

7

கழிமுகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கண்ணாடி கம்பீரமாக இருந்தது. மூலையில் ஏதோ ஒரு லாரிக்காரர் ஒட்டிய எலுமிச்சை மிளகாய் ஸ்டிக்கர் உரிக்கப்படாமல் இருந்தது. காலை முழுக்க பையன் இல்லாமலே ஓட்டம். முதலாளிக்கு ஒரு ஆள் கூலி மிச்சம். பையன் படித்துறையில் உட்கார்ந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். அதற்குக் கூலி பாதி.

நண்பரிடம் கேட்டேன்: 'நீங்கதானே மாட்டினீங்க?'

'நான் மாட்டலேன்னா வேற ஆளு மாட்டுவான் சார்.' கொஞ்ச நேரம் கழித்து அவரே, 'எங்க பட்டறையில கம்ப்யூட்டர் லேத்து வந்தப்ப என்னைய யாரு கேட்டா?' என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கருவியை எதிர்ப்பது மூடத்தனம் என்று சொல்லும் முற்போக்குப் பதில் ஒன்று உண்டு. கருவியே வன்முறை என்று சொல்லும் இன்னொரு பதிலும் உண்டு. இரண்டும் படித்துறையில் உட்கார்ந்திருந்தவனிடம் போய்ச் சொல்லக்கூடியவை அல்ல.

மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு விஷயம் நடந்தது. கழிமுகம் கிழக்கு நோக்கிக் கடலில் சேர்கிறது. படகு கடல்வாயைப் பார்த்துப் போகும்போது மேற்கே சாயும் சூரியன் நேராகக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அகன்ற கண்ணாடி ஆதலால் எப்படித் திருப்பினாலும் அதன் ஏதோ ஒரு மூலையில் சூரியன். ஓட்டுபவர் கண்ணைச் சுருக்கி, கையால் மறைத்து, கடைசியில் எஞ்சினை மெதுவாக்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். டியூபில் இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருந்தார். மற்றவர் கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் மிதவை அங்கியோடு மிதந்தபடி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டுதான் ஏறினார்.

படகு கரைக்கு வந்ததும் பையனைக் கூப்பிட்டார்கள். அவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஏறி, எஞ்சின் பெட்டியில் முதுகைச் சாய்த்து, சூரியனுக்கு நேராகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். இனி மாலை ஓட்டத்துக்கு மட்டும் அவன் வேண்டும் என்று முடிவாயிற்று. கூலி எவ்வளவு என்பது அன்றைக்கு முடிவாகவில்லை. பாதி என்கிறார் முதலாளி. நாள் முழுக்கக் காத்திருப்பதால் முழுசும் வேண்டும் என்கிறான் பையன். நான் கிளம்பும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.